மலையகத்து வீட்டுக்கு ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்களும், இரவில் விளையாடுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விற்பனைக்கான விளம்பரங்கள் எல்லாம் குளிரூட்டிய அறையையும் அகன்ற மேசையையும் மனதில் வைத்து எழுதப்படுகின்றன. நம்முடைய வீட்டில் மெல்லிய சுவரும், பனிமூட்டமும், கொழும்புக்கு ஒரு நாள் பயணமும் இருக்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்துதான் இந்தப் பதில்கள் தொடங்குகின்றன.

மெக்கானிக்கல் விசைப்பலகைக்கும் சாதாரண விசைப்பலகைக்கும் என்ன வேறுபாடு?

சாதாரண விசைப்பலகையைத் திறந்து பார்த்தால், எல்லா விசைகளுக்கும் அடியில் குமிழ் குமிழாக எழும்பிய ஒரே இறப்பர் விரிப்பைக் காண்பீர்கள். விசையை அடிவரை அழுத்தி அந்தக் குமிழை நசுக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனியான சுவிட்ச் உண்டு. பாடசாலைப் புத்தகத்தில் 'ஆளி' என்று படித்தோமே, அதுதான். ஒரு சுருள்வில், மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு, ஒன்றையொன்று தொடும் இரு உலோகத் தகடுகள் என்பவற்றை அடக்கிய சிறு பெட்டி அது.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ் வகையே இன்றைய சுவிட்ச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம். அதன் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் உற்பத்தியைத் தொடங்கியதால்தான் விலை இறங்கி, இது நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டியது. இந்த வகைச் சுவிட்ச்சின் முழு அசைவு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். பாதி வழியில், அதாவது 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டிய தேவை இல்லை என்பதை விரல் புரிந்துகொள்ள ஓரிரு வாரங்கள் எடுக்கும்.

'விருப்பப்படி மாற்றியமைக்கலாம்' என்று சொல்வது எதைக் குறிக்கிறது?

விசையின் மேல்மூடிகளை மாற்றுவது, சுவிட்ச்சை மாற்றுவது, உள்ளே ஓடும் நிரலை மாற்றுவது ஆகிய மூன்றையும் இந்த ஒரே சொற்றொடரால் சொல்லிவிடுகிறார்கள். மேல்மூடி பெரும்பாலும் அழகுக்கு. நிரலை மாற்றுவது வேலைக்கு. சுவிட்ச்சை மாற்றுவதை எல்லோரும் இரசனை என்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது பழுதுபார்ப்பு. ஹொட்-சுவொப் எனப்படும் பலகையில் சுவிட்ச்சை ஒரு சிறு இடுக்கியால் பிடுங்கி, பற்றவைப்பு எதுவுமின்றி இன்னொன்றைச் செருகலாம். ஒரேயொரு விசை பழுதானதற்காக முழுப் பலகையையும் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆகவே மலைப்பகுதியில் வாங்குவோருக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை, மின்னும் விளக்குகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஹொட்-சுவொப் இருக்க வேண்டும் என்பதே.

எந்தச் சுவிட்ச்சைத் தெரிவு செய்வது?

மூன்று குடும்பங்கள் உண்டு. தடையே இல்லாமல் நேராக இறங்குவது லீனியர். செர்ரி ரெட் அந்த வகை, அதை இறக்க ஏறத்தாழ 45 கிராம் அளவு அழுத்தம் போதும். நடுவழியில் விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படுவது டெக்டைல். பிரவுன் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. மேடும் இருந்து, 'டிக்' என்ற ஓசையும் எழுப்புவது கிளிக்கி. புளூ என்று கேட்டால் இதைத் தருவார்கள்.

நான் முதலில் வாங்கியது புளூ. கடையில் தட்டிப் பார்த்தபோது, பழைய தட்டச்சுப்பொறியின் நினைவு வந்து மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த அன்றிரவே பிழை தெரிந்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் தொடர் வீட்டு வரிசையில், பல லயங்களில் உள்ளதைப் போலவே, காம்பரா எனப்படும் அறைவீடுகளுக்கு இடையேயுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் குழந்தை இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போக வேண்டிய பெண்கள் தூங்கும் நேரத்தில், பதினொரு மணிவரை நான் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து, "தம்பி, ராத்திரியில என்னா அது, ஒழுகுற பீலி மாதிரி?" என்று சிரித்தபடிதான் கேட்டார், அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

சுவர் பங்கிடும் வீட்டில் இருப்பவர்கள் சைலன்ட் வகையை முதலில் பார்க்கட்டும். தண்டின் மேலும் கீழும் சிறு இறப்பர்த் துண்டுகள் பொருத்தப்பட்டிருப்பதால் மோதும் ஓசை அமுங்கிவிடும். செர்ரியின் சைலன்ட் ரெட்டில் முழு அசைவு 3.7 மில்லிமீற்றராகக் குறைந்திருக்கும். தொடக்கத்தில் சற்றே மெத்தென்று தோன்றும், பிறகு பழகிவிடும். பலகைக்கு அடியில் மடித்த கம்பளித் துணியொன்றை விரித்தால், மேசைவழி பரவும் அதிர்வும் குறையும். தனி வீடும் தனி அறையும் உள்ளவர்கள் தங்கள் விருப்பத்தின்படி வாங்கலாம். நாள் முழுவதும் தட்டச்சு செய்பவர்களுக்கு டெக்டைலும், விளையாட்டே முதன்மை என்பவர்களுக்கு லீனியரும் பொதுவாகப் பொருந்தும், ஆனால் இது விதியல்ல.

எந்த அளவு?

முழு அளவுப் பலகையில் 104 விசைகளும், எண்பகுதி நீக்கப்பட்டதில் 87 விசைகளும் இருக்கும். அறுபது சதவீதம் என்று அழைக்கப்படுவதில் 61 விசைகளே உண்டு. அம்புக்குறி விசைகளும் எஃப்1 முதலிய வரிசையும் அதில் தனியாக இருக்காது. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வேலைநாள் கணக்கைப் பதிபவரோ, கடைக் கணக்கு எழுதுபவரோ எண்பகுதி இல்லாமல் சிரமப்படுவார். அப்படிப்பட்டவர்கள் சிறிய பலகையொன்றும் தனியான எண்பலகையொன்றும் வாங்கினால், எண்பலகையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுட்டிக்கு வலப்பக்கம் இடம் விடலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழ் 99 என்ற தட்டச்சு அமைப்பில் ச, ஞ இரண்டும் பகர அடைப்பு விசைகளிலும், ந அரைப்புள்ளி விசையிலும், ய மேற்கோள் விசையிலும், ழ சாய்கோட்டு விசையிலும் உள்ளன. அறுபது சதவீதப் பலகையில் இவை எல்லாம் அப்படியே இருக்கும். நாற்பது சதவீதம் என்று அழகழகாகப் படம் போடுகிறார்களே, அவற்றில் பலவற்றில் இந்த ஓரத்து விசைகளையே வெட்டியிருப்பார்கள். 'மழை' என்று எழுத இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய பலகை நம் ஊருக்கு ஆகாது.

இதில் தமிழ் எழுத்து வருமா? தமிழ் அச்சிட்ட விசைகள் தேவையா?

விசைப்பலகைக்கு மொழி தெரியாது. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டுமே அது கணினிக்கு அனுப்புகிறது. அந்த எண்ணை 'க' என்று கொள்வதா, 'எச்' என்று கொள்வதா என்பதைத் தீர்மானிப்பது விண்டோஸ் போன்ற இயங்குதளம். எனவே எந்தப் பலகையிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் எழுதலாம்.

எந்த அமைப்பில் எழுதுவது என்பதுதான் உண்மையான கேள்வி. நம்மவர்களில் பலர் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். அதில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பிறகு தட்டுவோம். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ளது ரெங்கநாதன் அமைப்பு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது தமிழ் 99. இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் 99 ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பாமினியைக் கைவிட முடியாதவர்கள் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளின் வழியாக, அதே விரல் பழக்கத்துடன் யுனிகோட் எழுத்துகளைப் பெறலாம். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99ஐயே பரிந்துரைப்பேன். உயிரெழுத்துகள் இடது கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் அமைந்திருப்பதால் கைகள் மாறி மாறி உழைக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. புள்ளிக்கான விசை, எஃப் என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, விரல் தேடிக் கண்டுகொள்ளும் சிறு தழும்புள்ள அதே விசை என்பது ஒரு வசதி.

தமிழ் அச்சிட்ட மேல்மூடிகளைத் தேடி அலைய வேண்டாம். ஒட்டுத்தாள் வாங்கி முதல் மாதம் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். அது உரிந்து விழுவதற்குள் விரல் பழகியிருக்கும்.

நிரலை மாற்றுவதால் வேலைக்கு என்ன பயன்?

பல பலகைகளுக்குள் கியூஎம்கே என்ற திறந்த மூல நிரல் ஓடுகிறது. வயா என்ற செயலியை குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் திறந்து, எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொடுக்கியே மாற்றலாம். மாற்றம் பலகையின் நினைவகத்திலேயே பதிவாவதால், அதை அலுவலகக் கணினியில் செருகினாலும், தம்பியின் மடிகணினியில் செருகினாலும் உங்கள் அமைப்பு கூடவே வரும். வீட்டில் ஒரே கணினியை மூன்று பேர் பங்கிடும் இடத்தில் இது சிறிய விடயமல்ல.

என்னுடைய வேலை மொழிபெயர்ப்பு. ஒரு நாளில் நூறு தடவையாவது தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மாற வேண்டியிருக்கிறது. விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழிகள் வரிசையாகச் சுழலும். மூன்று மொழிகள் இருக்கும்போது எதில் நிற்கிறோம் என்று தெரியாமல், 'வணக்கம்' எழுதப்போய் வேறெதையோ எழுதிவைப்போம். அதைவிட, விண்டோஸின் மொழி அமைப்பில் ஒவ்வொரு மொழிக்கும் கன்ட்ரோல், ஷிப்ட், ஓர் எண் என்ற தனிக் குறுக்குவழியைக் கொடுத்துவிட்டு, அந்தக் குறுக்குவழிகளை வயாவில் மூன்று விசைகளுக்கு ஒதுக்கினேன். எந்த நிலையிலிருந்தாலும் அந்த விசையைத் தட்டினால் அந்த மொழி வரும். கேப்ஸ் லொக் விசை தமிழுக்குப் போய்விட்டது. தமிழில் பெரிய எழுத்து ஏது?

இன்னொரு வசதி அடுக்குகள். ஒரு விசையைப் பிடித்திருக்கும்வரை பலகை முழுவதும் வேறொரு பலகையாக மாறிவிடும். வலது கையின் கீழ் எண்பகுதியையோ அம்புக்குறிகளையோ அப்படி வரவழைக்கலாம். வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: 'நிரலாக்கலாம்' என்று பெட்டியில் எழுதியிருப்பதாலேயே வயா இயங்கும் என்று பொருளில்லை. சில நிறுவனங்கள் விண்டோஸில் மட்டும் ஓடும் சொந்த மென்பொருளையே தருகின்றன. லினக்ஸ் பயன்படுத்துபவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

விளையாட்டுக்கு வேகம் எவ்வளவு முக்கியம்?

சொல்லப்படும் அளவுக்கு இல்லை. செக்கனுக்கு 1000 முறை கணினியுடன் பேசும் பலகை ஒரு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை செய்தி தருகிறது. 8000 என்று விற்கப்படுவது அதை 0.125 மில்லிசெக்கனாகக் குறைக்கிறது. மலைச்சரிவில் கைத்தொலைபேசிச் சமிக்ஞையைப் பிடித்து, சிங்கப்பூரிலுள்ள சேவையகத்தில் விளையாடும்போது, போய்வரும் நேரமே பத்துக்கணக்கான மில்லிசெக்கன்களாக இருக்கும். அதுவும் மழைபெய்தால் நிலையாக நிற்காது. அந்தப் பணத்தை ரவுட்டருக்கு நல்ல அன்டெனா வாங்கச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

பார்க்க வேண்டியது வேறொன்று: பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தும்போது அத்தனையும் பதிவாகின்றனவா என்பது. ஓடிக்கொண்டே குனிந்து, குண்டை மாற்றி, நண்பனுடன் பேசும் விசையையும் பிடித்தால் ஐந்தாறு விசைகள் ஆகிவிடும். மலிவான இறப்பர்ப் பலகைகளில் சில கூட்டுகள் பதிவாகாது. நல்ல மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோட் ஒன்று இருப்பதால் இந்தச் சிக்கல் எழாது.

ஹோல் விளைவுச் சுவிட்ச் என்று புதிதாக ஒன்று பரவியிருக்கிறது. தண்டிலுள்ள காந்தம் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை உணரி அளப்பதால், எந்த ஆழத்தில் எழுத்து பதிவாக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். விசை சற்று மேலே எழும்பியதுமே விடுபட்டதாகக் கொள்ளும் வசதியும் உண்டு. 0.2 மில்லிமீற்றர் என்று வைத்துவிட்டு அதே அமைப்பில் கடிதம் எழுதினால், விரல் ஓய்வெடுக்கும் இடமெல்லாம் எழுத்து விழும். வேலைக்கு வேறொரு அமைப்பைச் சேமித்துவையுங்கள். இடது, வலது போன்ற எதிரெதிர்த் திசை விசைகள் ஒன்றாக அழுத்தப்படும்போது எதைக் கொள்வது என்பதைப் பலகையே தீர்மானிக்கும் வசதியை, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற சுடும் ஆட்டத்தின் அதிகாரபூர்வச் சேவையகங்களில் வால்வ் நிறுவனம் 2024 ஓகஸ்டில் தடைசெய்துவிட்டது. அதை இயக்கியபடி விளையாடினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படலாம். மேலும், ஆட்டத்தைத் தொடங்குமுன் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்ற மறவாதீர்கள். சில ஆட்டங்கள் எழுத்தைப் பார்ப்பதால், தமிழ் 99இல் இருந்தபடி முன்னே ஓட முயன்றால் அங்கே 'ஈ' தான் வரும்.

கம்பியா, கம்பியில்லாததா?

மேசையில் நிலையாக இருப்பதற்குக் கம்பி. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, தன் மின்கலத்தைத் தனியாக ஏற்ற வேண்டிய எந்தப் பொருளும் சுமை என்பதைக் கற்றுக்கொண்டேன். கம்பியுள்ள பலகை மடிகணினியிலிருந்து மிகச் சிறிதளவு மின்சாரமே எடுக்கும். அதிலும் வண்ண விளக்குகளை அணைத்துவைத்தால் மடிகணினி இன்னும் சற்று நேரம் தாங்கும். கம்பியில்லாமல்தான் வேண்டுமென்றால், விளையாட்டுக்குப் புளூடூத்தைத் தவிர்த்து, யூஎஸ்பியில் செருகும் சிறு அலைவாங்கியுடன் வரும் 2.4 கிகாஹேட்ஸ் வகையைத் தெரிவுசெய்யுங்கள்.

எங்கள் பக்கத்துப் பனிமூட்டத்தில் பலகை கெட்டுப்போகுமா?

ஒரு சுவிட்ச் 10 கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்று நிறுவனங்கள் எழுதுகின்றன. ஒரே விசையை நாளுக்குப் பத்தாயிரம் தடவை அழுத்தினாலும் அது தீர இருபத்தேழு ஆண்டுகள் ஆகும். ஆனால் நம் பக்கத்தில் சுவிட்ச் தேய்ந்து சாவதில்லை. ஈரமும் தூசியும் அடுப்புப் புகையும் சேர்ந்து உலோகத் தொடுகையைக் கெடுக்கின்றன. அறிகுறி, ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழுவது: 'மலை' என்பது 'ம்மலை' ஆகிவிடும்.

அப்போது பதற்றப்படத் தேவையில்லை. அந்தச் சுவிட்ச்சைப் பிடுங்கி, நீங்கள் ஒருபோதும் தொடாத ஸ்க்ரோல் லொக் விசையின் சுவிட்ச்சுடன் இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்ச்சுடன் போனால் சுவிட்ச் கெட்டது. அதே இடத்தில் தங்கினால் பலகையின் சொக்கெட்டில் கோளாறு. புதியதைச் செருகும்போது இரு உலோகக் கால்களும் நேராக உள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நேராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் கால் மடங்கும். ஐந்து கால் சுவிட்ச்சை மூன்று கால் பலகையில் பொருத்த வேண்டியிருந்தால், பிளாஸ்டிக்காலான இரு கால்களை நகவெட்டியால் வெட்டிவிடலாம்.

வேலை முடிந்ததும் பலகையை ஒரு துணியால் மூடிவையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், நுவரெலியாப் பக்கத்தில் இருப்பவர்கள், பயன்படுத்தாத பலகையைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது. அலுமினியப் பெட்டகமுள்ள கனமான பலகைகள் பார்வைக்குக் கம்பீரமானவை; மார்கழிக் காலையில் அவற்றின் விளிம்பில் மணிக்கட்டை வைத்துப் பாருங்கள், ஏன் பிளாஸ்டிக்கைப் பரிந்துரைக்கிறேன் என்பது விளங்கும். ஹோல் விளைவு வகையில் உலோகத் தொடுகையே இல்லாததால் ஈரம் அதை அவ்வளவு பாதிக்காது என்பது உண்மை; ஆனால் அதன் சுவிட்ச்சுக்குப் பதிலாகச் சாதாரணச் சுவிட்ச்சைச் செருக முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சுவிட்ச்சுக்கு எண்ணெய் போட வேண்டுமா?

கட்டாயமில்லை. இன்று பல சுவிட்ச்சுகள் தொழிற்சாலையிலேயே மசகிடப்பட்டு வருகின்றன. கடகட என்று ஆடுவது பெரும்பாலும் சுவிட்ச் அல்ல, இடைவெளி விசை, என்டர் போன்ற நீண்ட விசைகளின் அடியிலுள்ள தாங்குகம்பி; அதன் முனைகளில் மட்டும் மின்கடத்தாக் கிரீஸைச் சிறிதளவு தடவினால் பாதிச் சத்தம் போய்விடும். தேங்காய் எண்ணெய் போட்டு ஒருவர் கொண்டுவந்திருந்தார். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைவது. நானுஓயாவில் காலை வேளையில் அவருடைய இடைவெளி விசை இறங்கியது, எழும்பவில்லை.

மேல்மூடியில் ஏபிஎஸ், பிபிடி என்கிறார்களே?

இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். ஏபிஎஸ் நாளடைவில் விரல் பட்டுப் பளபளத்துவிடும், பிபிடி அதைவிடத் தாக்குப்பிடிக்கும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் பிபிடியை எடுங்கள்.

எங்கே வாங்குவது, வாங்கும்போது எதைக் கேட்பது?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு நேரில் போய்த் தட்டிப் பார்த்து வாங்குவது சிறந்தது. முடியாதவர்கள் கூரியரில் வரவழைக்கலாம். ஆனால் லயத்துக்கு இலக்கமிட்ட முகவரி இல்லாத தோட்டங்களில் பொதி அலுவலகத்திலோ கடையிலோ தங்கிவிடுவது நமக்குப் பழைய கதை என்பதால், பட்டணத்திலுள்ள தெரிந்த கடையின் முகவரியைக் கொடுப்பதே பாதுகாப்பு. பொதியைப் பிரிக்கும்போது கைத்தொலைபேசியில் காணொளி எடுத்துவையுங்கள். உடைந்து வந்தால் பேசுவதற்கு அது உதவும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, எல்லா நிறுவனங்களின் சுவிட்ச்சுகளும் பொருந்துமா என்பது. நான் ஒருமுறை ஒரு கடையில் ஹொட்-சுவொப் என்று நம்பி வாங்கிய பலகையின் துளைகள் மெலிதாக இருந்ததால், அவுட்டெமு என்ற ஒரே வகையைத் தவிர வேறெதுவும் நுழையவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான் சரியாகக் கேட்கவில்லை. உத்தரவாதம் எத்தனை மாதம், உதிரிச் சுவிட்ச்சுகளைத் தனித்தனியாகத் தருவார்களா என்பவற்றையும் கேட்டு, பத்துச் சுவிட்ச்சுகளையாவது கூடவே வாங்கிவையுங்கள்.

பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றுப்பட்டுவிட்டது, என்ன செய்வது?

தேயிலை நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? உடனே கம்பியைக் கழற்றுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஈரம் மிகுந்த கேட்டைச் செய்கிறது. பலகையைக் கவிழ்த்து வடியவிட்டு, நனைந்த பகுதியின் மேல்மூடிகளையும் சுவிட்ச்சுகளையும் பிடுங்குங்கள். மேல்மூடிகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். சுவிட்ச்சுகளையும் பலகையின் தட்டையும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடையுங்கள். வெறும் சாயத்தண்ணீரை விடச் சீனி கலந்ததே மோசமானது, ஏனெனில் தண்ணீர் காய்ந்த பிறகும் சீனி ஒட்டிக்கொண்டு தண்டைப் பிடித்துக்கொள்ளும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. அவசரப்பட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். மின்விசிறிக் காற்றில், மழைக்காலமானால் முழுதாக மூன்று நாட்கள் காயவிட்டு, அதன் பிறகே கம்பியைச் செருகுங்கள்.